ஜீப், தார், பொலேரோ உள்தரைக்கு லைனர் பூசலாமா? டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வயல் வரப்பு, ஆற்றுப் படுகை, கொள்ளிடக் கரை, வேதாரண்யம் உப்பளப் பாதை என்று தார், ஜிப்ஸி, பழைய மேஜர் ஜீப், பொலேரோ கேம்பர் எதையாவது இறக்கி ஓட்டுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். உள்தரைக்குத் தடிமனான பூச்சு அடிக்கலாமா, அடித்தால் எதை அடிப்பது? இங்கே உள்ள பதில்கள் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்தை மனதில் வைத்து எழுதியவை. காய்ந்த காற்றில் வேலை செய்கிற ஊர்க்காரர் சொல்வது நமக்கு அப்படியே பொருந்தாது.

லைனர் என்றால் என்ன? நல்ல பெயிண்டே போதாதா?

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் பின்பக்கத் தொட்டிக்குள் சரக்கு உரசாமல் இருக்க அடித்த பூச்சு இது. பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா என்ற பொருளால் ஆனது. காய்ந்த பிறகு கல் மாதிரி இறுகாமல் கொஞ்சம் ரப்பர்தன்மையோடு நிற்கும், மண்வெட்டி விழுந்தாலும் ஜாக்கி உருண்டாலும் சில்லுப் பெயராது. கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ரோலரில் பூசும் லைனர் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை வரும், இயந்திரத்தில் சூடாக அடிப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட ஏறும்.

நம் பக்கத்தில் இது உண்மையிலேயே தேவையா, இல்லை சும்மா ஸ்டைலா?

வண்டியில் என்ன ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குடும்பத்தோடு வேளாங்கண்ணி, திருநள்ளாறு போய்வரும் வண்டிக்கு நல்ல ரப்பர் மிதியடி போதும், காசை வீணாக்காதீர்கள்.

உர மூட்டை ஏற்றினால் கதை வேறு. யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசியும். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு, இரும்பைத் தின்பதில் சமையல் உப்புக்குச் சளைத்ததில்லை. நாகைத் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றினால் ஐஸ் உருகி வடிகிற தண்ணீரிலும் உப்பு இருக்கும். அப்புறம் நம் களிமண். செருப்போடு ஏறி இறங்கும்போது தரையில் அப்பிக்கொள்ளும் சேறு மேலே காய்ந்து வெடித்தாலும் அடியில் நாள்கணக்கில் ஈரம் காக்கும். ஆற்றுமணல் இப்படிச் செய்யாது, உதறினால் போய்விடும். இந்த மூன்றில் எதையாவது வாடிக்கையாக ஏற்றுகிறீர்கள், அல்லது துணிக்கூரை போட்ட சாஃப்ட் டாப் வண்டியில் ஐப்பசி மழை நேரே தரையில் இறங்குகிறது என்றால் லைனர் தன் காசுக்கு வேலை செய்யும்.

எத்தனை வகை இருக்கிறது? எதை எடுப்பது?

டின்னைத் திறந்து நேரே பூசும் ஒற்றைப் பொருள் வகை ஒன்று. ஹெர்குலைனர் இந்த ரகம். காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டே இறுகும், அதனால் நம் ஊரில் தாராளமாகவே இறுகும், ஆனால் ஒருமுறை திறந்த டின்னை மூடிவைத்து அடுத்த மாதம் எடுத்தால் உள்ளே கட்டியாகியிருக்கும்.

இரண்டு பொருளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் அடுத்தது. ராப்டர் இதில் எல்லோரும் சொல்லும் பெயர். பாட்டிலில் 750 மில்லி பூச்சு இருக்கும், அதில் 250 மில்லி ஹார்டனர், அதாவது பூச்சை இறுகவைக்கும் திரவம், ஊற்றிக் குலுக்கி, ரோலரிலோ அண்டர்கோட் துப்பாக்கியிலோ அடிக்கலாம். வேண்டிய நிறம் கலந்துகொள்ளும் வகையும் உண்டு.

மூன்றாவது, சூடாக அடிப்பது. லைன்-எக்ஸ், ரைனோ மாதிரியானவை. இரண்டு திரவத்தையும் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் துப்பாக்கி முனையிலேயே கலந்து பீய்ச்சுவார்கள், தரையில் பட்ட சில விநாடிகளில் இறுகிவிடும். ஈரக்காற்றுக்கு இது அதிகம் அசராது, உழைப்பிலும் இதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அதற்கான இயந்திரம் எல்லாப் பட்டறையிலும் கிடையாது, வண்டியைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோய் விட வேண்டும், பிறகு ஓரிடத்தில் கிழிந்தால் அதே பொருளால் இங்கே ஒட்டுப்போட முடியாது.

என் தேர்வு இரண்டாவது வகை. காரணம் விலையோ பெயரோ இல்லை, பழுது பார்க்க முடிகிறது என்பதுதான். இந்த மண்ணில் எந்தப் பூச்சும் எங்காவது ஓர் ஓரத்தில் தூக்கத்தான் போகிறது. அப்போது அந்த இடத்தை மட்டும் சுரண்டி, தேய்த்து, உள்ளூரிலேயே மறுபடி பூச முடிகிற பொருள்தான் டெல்டாவுக்குச் சரி. மூட்டை தினமும் இழுபடும் கேம்பர் பின்தொட்டி என்றால் மட்டும் சூடான வகைக்குப் போவதில் அர்த்தம் உண்டு.

அண்டர்பாடி கோட்டிங் மிச்சம் இருக்கிறது, அதையே உள்ளே அடித்தால்?

வேண்டாம். வண்டிக்கு அடியில் அடிக்கிற பிட்டுமென் கலவை வெயிலில் இளகும், காலில் ஒட்டும், கதவை மூடிவைத்தால் வாடை தலையைச் சுற்றவைக்கும். வெளியே நல்ல பொருள், உள்ளே இல்லை.

எபாக்ஸி? எனாமல்?

எபாக்ஸி இரும்பைப் பிடிப்பதில் கெட்டி, அதனால் பிரைமராக அடியில் இருக்கட்டும். மேல்பூச்சாக விட்டால் வெயில் பட்டுச் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், தரைத்தகடு வளையும் இடத்தில் வெடிக்கும்.

எனாமலைக் கேலி செய்ய மாட்டேன். பழைய ஜீப்காரர்கள் வருடா வருடம் அறுவடை முடிந்ததும் தரையைக் கழுவி, தேய்த்து, ஒரு கோட்டு எனாமல் அடித்துவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் தகட்டைக் கண்ணால் பார்க்க நேர்வதால் துரு ஒளிந்துகொள்ள இடமில்லை. கை வேலைக்கு அஞ்சாதவருக்கு இன்றும் அது நல்ல வழிதான்.

தரையில் கொஞ்சம் துரு இருக்கிறது. மேலேயே பூசினால் துரு நின்றுவிடாதா?

நிற்காது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் லைனர் கெட்டுப்போன வண்டிகளில் பூச்சு கெட்டுப்போனது அபூர்வம், அடியில் இருந்ததுதான் கெடுத்தது.

தடித்த பூச்சுக்குள் அடைபட்ட துரு, தகட்டுக்கு அடியிலிருந்தோ ஆணி ஓட்டை வழியாகவோ ஈரம் கிடைக்கும்வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மேலே பார்த்தால் கறுப்பாக, அழகாக, புதுசு போலத் தெரியும். ஒருநாள் கிளட்ச் மிதிக்கிற இடத்தில் குதிகால் உள்ளே போகும். பெயிண்ட் என்றால் கொப்பளம் கண்டு எச்சரிக்கும், லைனரின் தடிமனே அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது.

அதனால் முதலில் சீட், மிதியடி, தரையில் ஒட்டிய சத்தத்தடுப்புப் பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தரை முழுக்கத் தட்டிப் பாருங்கள், மந்தமாகக் கேட்கும் இடத்தைக் கூர்முனையால் குத்துங்கள். ஓட்டுநர் காலடி மூலை, சீட் போல்ட்டைச் சுற்றி, பின்சக்கர வளைவு தரையோடு சேரும் மடிப்பு, இந்த இடங்களில்தான் வழக்கமாக ஆரம்பிக்கும். முனை உள்ளே இறங்கினால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி வைத்து மூடலாம் என்று யாராவது சொன்னால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

மேலாகப் படிந்த துரு என்றால் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி வெள்ளை இரும்பு வரும்வரை தேய்க்கவும். குழிக்குள் எட்டாத துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவலாம். இவற்றில் பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும், மிச்ச அமிலத்தை டின்னில் சொன்னபடி கழுவித் துடைக்காமல் மேலே போகாதீர்கள். பிறகு எபாக்ஸி பிரைமர். மடிப்புகளில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர். அதற்குப் பிறகுதான் லைனர் டின்னைத் திறக்க வேண்டும்.

இன்னொன்று, மேலே பூசினால் மேலிருந்துதான் காக்கும். தரைக்கு அடியில் ஓடும் பெட்டி வடிவச் சட்டங்களுக்குள் சேறு புகுந்து உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காயவைத்து, உள்ளே மெழுகு வகைப் பூச்சு அடிக்காவிட்டால் செலவில் பாதி வீண்.

கழுவித் துடைத்துவிட்டுத்தான் பூசினேன், ஆனாலும் கொப்பளம் வந்துவிட்டது. ஏன்?

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? கடலோர ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு இரும்பின் மேல் தங்கிவிடும். பிறகு பூச்சின் வழியாக மெல்ல மெல்ல ஈரத்தை அந்த உப்பு உள்ளே இழுக்கும், இழுத்த இடமெல்லாம் கொப்பளம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண உப்பு தானாகக் கசிய ஆரம்பிக்கும். நாகையிலோ வேதாரண்யத்திலோ ராத்திரியில் அது எந்த நாளில் தாண்டாது?

கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் பிடித்துவையுங்கள். குடிதண்ணீர் கேன் இரண்டு மூன்று வாங்கினால் முடிகிற விஷயம். பிறகு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவத்தால் துடைத்து, அது தானாக உலர்வதற்கு முன் வேறொரு சுத்தமான துணியால் எடுத்துவிட வேண்டும். ஒரே அழுக்குத் துணியால் தரை முழுக்கத் துடைப்பது பிசுக்கைப் பரப்புகிற வேலை.

வண்டி புதுசு. 2020க்குப் பிறகு வந்த தார். இதையும் தேய்த்து இரும்பைக் காட்ட வேண்டுமா?

கூடவே கூடாது! புது வண்டியின் உடலை பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் படிய வைக்கிறார்கள், அந்த அடுக்கைவிடத் துருவுக்கு நல்ல எதிரி எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. மேல் பளபளப்பு மங்கும் அளவுக்கு 120 அல்லது 180 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். இரும்பு தெரிந்த இடத்தில் மட்டும் பிரைமர் வையுங்கள். இந்தத் தாரின் தரையில் கழுவினால் தண்ணீர் இறங்க அடைப்பான்கள் வைத்தே கொடுத்திருக்கிறார்கள், அவற்றின் மேல் பூசி மூடிவிடாதீர்கள்.

எந்த மாதத்தில் பூசுவது?

மாசி, பங்குனி. சம்பா அறுவடை முடிந்து வண்டிக்கும் ஓய்வு, வானத்துக்கும் ஓய்வு. ஜூன் 12 மேட்டூர் திறக்கிற தேதியை மனதில் வைத்துக்கொண்டு, குறுவை வேலை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடவே வேண்டாம். பாலியூரித்தேனின் ஹார்டனர் தண்ணீரைக் கண்டால் அதோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு விடும், பூச்சுக்குள் ஊசிமுனைக் குமிழ்களாக நிற்பது அதுதான்.

மார்கழி, தை காலையில் வெயில் வந்துவிட்டதே என்று ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. காற்று சூடாகிவிட்டாலும் தகடு இன்னும் குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். இரும்பின் வெப்பம் பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட, 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கருவி இல்லையென்றால் ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், அது சட்டென்று காயவில்லை என்றால் நீங்களும் காத்திருங்கள்.

சித்திரை, கத்திரியில் பிரச்சினை வேறு மாதிரி. கலந்த பிறகு பூச்சு திரவமாக நிற்கும் நேரம் 20 டிகிரியில் ஒரு மணி என்றால், ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். உச்சி வெயிலில் வாங்கிய பாட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது வாளியோடு இறுகியிருக்கும்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் பரப்பினால் ஈரத் தடிமன் சரியாக ஒரு மில்லிமீட்டர். தரை, சக்கர வளைவு, நடுமேடு, கதவோர விளிம்பு எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து கூட்டுங்கள். மொத்தம் நாலு சதுர மீட்டர் வந்தால், இரண்டு கோட்டும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர் ஈரத்துக்கு நாலு லிட்டர். தின்னர் ஆவியாகிக் காய்ந்த பிறகு இன்னும் குறையும். இந்தக் கணக்கு கையில் இருந்தால், ஒரு லிட்டரில் முழு வண்டியும் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பட்டறையில் கொடுக்கப்போகிறேன். பெயிண்டரிடம் என்ன கேட்பது?

முதல் கேள்வி, எந்த தின்னர் என்று. சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் ஆல்கஹால் இருக்கும், பாலியூரித்தேன் ஹார்டனர் பூச்சோடு சேர வேண்டியது போய் அந்த ஆல்கஹாலோடு சேர்ந்துகொள்ளும். பூச்சு மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே நிற்கும். பி.யூ. (பாலியூரித்தேன்) தின்னர் என்று தனியாக விற்கிறது, அதுதான் வேண்டும்.

ஹார்டனர் டின் புதுசாக உடைத்ததா என்று பாருங்கள். ஏற்கெனவே திறந்து கலங்கியோ கூழாகியோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில் கூச்சம் எதற்கு. இரும்பு தெரிகிற இடத்தில் எட்ச் பிரைமர் அடித்து அதன் மேலேயே எபாக்ஸி அடிப்பார்களா என்றும் கேளுங்கள். அமிலம் கலந்த எட்ச் பிரைமருக்கு மேல் எபாக்ஸியைப் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிப்பதில்லை, இரண்டில் ஒன்றுதான். கம்ப்ரஸரில் தண்ணீர் வடிகட்டி இருக்கிறதா என்பது நம் ஊருக்கே உரிய கேள்வி, டேங்கின் அடித் திருகைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற கம்ப்ரஸர்கள் இங்கே ஏராளம்.

முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி டின்னில் போட்டிருக்கும். அதைத் தாண்டிவிட்டால், உதாரணமாக இரண்டு நாள் கழித்து வந்து அடிப்பதென்றால், மறுபடி உப்புத்தாள் போடாமல் அடிக்கக் கூடாது. ஒட்டினதுபோல் இருக்கும், பிறகு தோலாக உரியும்.

நானே வீட்டில் அடிக்கலாமா?

ரோலரில் தாராளமாக அடிக்கலாம், திறந்த கொட்டகையில், கையுறையும் கரிவடிகட்டி மாஸ்க்கும் போட்டுக்கொண்டு. துப்பாக்கியில் அடிப்பது வேறு. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். தெளிக்கும்போது நுண்துளியாக மிதந்து நுரையீரலுக்குள் போகும், ஆபத்தான அளவிலும் வாடையே தெரியாமல் இருக்கும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கும் பெயிண்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி இல்லாமல் இதைத் தெளிக்காதீர்கள், ஏற்கெனவே இளைப்பு உள்ளவர் ரோலர் பக்கம்கூடப் போக வேண்டாம்.

சொரசொரப்பு எவ்வளவு வேண்டும்? என்ன நிறம்?

படத்தில் பார்ப்பதற்கு முரட்டுச் சொரசொரப்பு அழகுதான். ஆனால் நம் களிமண் அந்தக் குழிகளுக்குள் போய் உட்கார்ந்தால் பிரஷ் போட்டாலும் வராது, மூட்டையை இழுத்தால் சணல் கிழியும், வெறுங்காலோடு ஏறும் பெரியவர்கள் திட்டுவார்கள். நுண்ணிய சொரசொரப்பே போதும், ஈரக்கால் வழுக்காமல் இருந்தால் சரி.

நிறத்துக்கு வெளிர் சாம்பல் சொல்வேன். துருக்கறை வடிந்தால் உடனே தெரியும், வெயிலில் நிற்கும் வண்டியில் கறுப்பு அளவுக்குச் சுடாது. விலை மலிவான கறுப்பு லைனர்களில் பல, வெயிலில் நாளாக ஆக வெளிறும் ரகம். வெயில் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

போல்ட், வயரிங்கை எல்லாம் என்ன செய்வது?

சீட், சீட் பெல்ட் போல்ட் ஓட்டைகளில் பழைய போல்ட்டையே திருகிவைத்து அடித்துவிட்டு, பூச்சு முழுதாக இறுகுவதற்கு முன் கழற்றிவிடுங்கள். சீட் பெல்ட் போல்ட் உட்காரும் முகப்பில் லைனர் இருக்கக் கூடாது. தடித்த ரப்பர்தன்மையான அடுக்குக்கு மேல் முறுக்கினால் நாளடைவில் பூச்சு அமுங்கி போல்ட் தளரும், விபத்தில் உங்களைப் பிடிக்க வேண்டியது அந்த போல்ட்தான். எர்த் வயர் பிடிக்கும் இடங்களையும் டேப் ஒட்டிக் காக்கவும், இல்லையென்றால் பிறகு விளக்கு மங்குவதற்குக் காரணம் தேடி அலைவீர்கள்.

ஏர்பேக் உள்ள வண்டியில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால், பேட்டரியின் நெகடிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே அதைத் தொடுங்கள், அது கழன்றிருக்கும்போது சாவி போடாதீர்கள்.

சத்தமும் சூடும் குறையுமா?

தகடு அதிர்கிற தகரச் சத்தம் கொஞ்சம் அமுங்கும். சூடு குறையாது.

பழைய வண்டி வாங்கப்போகிறேன், தரையில் லைனர் புதுசாகப் பூசியிருக்கிறது. நல்லதுதானே?

எனக்கு அதைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும். குனிந்து அடியில் பாருங்கள். மேலே புதுசு, அடியில் செதில் செதிலாகத் துரு என்றால் விற்பதற்காகப் பூசியது. ஒரு சின்னக் காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள், திடீரென்று பிடி விடுகிற இடத்தில் இரும்புக்குப் பதில் பட்டி இருக்கலாம். சீட் பெல்ட் நாடாவை முழுக்க வெளியே இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இங்கே வண்டிகளுக்கு என்ன ஆனது என்பது நமக்குத் தெரியாததா.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?

உள்தரைக்கு வேண்டாம். வண்டியின் வெளிப்பக்கம் முழுக்க லைனர் அடித்து நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் நிறம் மாற்றிப் பதிய வேண்டும். சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தின் மேல் எதுவும் பூசாதீர்கள்.

பூசியாகிவிட்டது. மேலே மிதியடி போடலாமா? பராமரிப்பு?

ஒரு நாளில் கால் வைக்கலாம், சரக்கும் தண்ணீரும் ஒரு வாரம் கழித்து. மிதியடி போடுங்கள், ஆனால் ஒட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது எடுத்து, அடியில் காற்றுப் பட விடுங்கள். உர மூட்டை இறக்கிய அன்றே கழுவிவிடுவது உத்தமம், மறுநாள் என்றால் மறந்துபோகும்.

ஓரத்தில் எங்காவது தூக்கினால் பசை வைத்து அமுக்காதீர்கள். பிடிப்பு உள்ள இடம் வரும்வரை பிளேடால் வெட்டி எடுத்து, இரும்பைப் பார்த்து, துரு இருந்தால் தேய்த்து பிரைமர் வைத்து, சுற்றிலும் 80 நம்பர் உப்புத்தாள் போட்டுவிட்டு சின்ன ரோலரால் மேலே பூசுங்கள். சொரசொரப்பு இருப்பதால் ஒட்டுப்போட்டது அவ்வளவாகத் தெரியாது. இதற்காகவே முதல் வேலையின்போது ஒரு பாட்டிலை உடைக்காமல் எடுத்துவையுங்கள், அதன் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிட்டு.